சி ஷிப்ட் எழுதிய பெருக்கல்

+

ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது எங்கள் சிறிய நகரம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பேக்கரியைத் தவிர எல்லாம் பூட்டிக் கிடக்கும். இன்று காலை அந்த பேக்கரி வாசலில் முதல் ஆளாக நின்று ஒரு கேக் வாங்கிவந்தேன். மேலே என்ன எழுதவேண்டும் என்று கடைப்பெண் கேட்டாள். ஒரு கூட்டல் குறி, பக்கத்திலேயே ஒரு கழித்தல் குறி, அவ்வளவு போதும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு க்ரீமால் போட்டுக்கொடுத்தாள்.

வீட்டில் என் நாலு வயது மகள் இனியா, யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டாள். அவளுடைய கேள்விகள் எல்லாம் இப்போது ஜெர்மனில்தான் வருகின்றன. தமிழில் பதில் சொன்னால் புரிந்துகொள்கிறாள், அதுவரைக்கும் சந்தோஷம்.

"ஒரு கம்ப்யூட்டருக்கு" என்றேன்.

எங்கே அது என்றாள். அது இப்போது இல்லை, அதுபோல நடிக்கிற ஒன்றுதான் இருக்கிறது என்றேன். என் மனைவி ரேவதி, "புள்ளைகிட்ட காலங்காத்தால ஆரம்பிச்சாச்சா?" என்று கேக்கை வாங்கி உள்ளே வைத்தாள்.

ஆரம்பிக்காமல் எப்படி இருக்க முடியும்? ஆறு வருடம் முன்பு இதே நாளில், ஒரகடம் பக்கத்துச் சேரப்பணஞ்சேரியில், ஒரு மாடி அறையில் நாங்கள் மூன்று பேர் எழுதிய எமுலேட்டர், அதாவது அந்த நடிக்கிற மென்பொருள், முதல்முறையாக ஒன்றையும் ஒன்றையும் கூட்டி விடை சொன்னது. திரையில் வந்த விடை +−. பார்த்தால் தப்புபோலத் தெரியும். ஆனால் அதுதான் சரியான விடை!

நம் கணினிகள் எல்லாம் பூஜ்யம், ஒன்று என்ற இரண்டை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகின்றன. மூன்றை வைத்து ஓடிய கணினி ஒன்று ரஷ்யாவில் ஒருகாலத்தில் இருந்தது. கழித்தல், பூஜ்யம், கூட்டல், இவை மூன்றும்தான் அதன் எழுத்துகள். காய்கறிக் கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் ஒரு கிலோ, மூன்று கிலோ, ஒன்பது கிலோ, இருபத்தேழு கிலோ என்று நாலே நாலு படிக்கற்கள். நீங்கள் இரண்டு கிலோ தக்காளி கேட்கிறீர்கள். அவர் ஒரு தட்டில் மூன்று கிலோ கல்லைப் போடுவார், ஒரு கிலோ கல்லைத் தக்காளியோடு சேர்த்து மற்றத் தட்டில் வைப்பார். எதிர்த் தட்டில் கல் வைத்தால் கூட்டல், தக்காளிப் பக்கம் வைத்தால் கழித்தல், கல்லை எடுக்கவே இல்லையென்றால் பூஜ்யம். மூன்றைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் இரண்டு, அதுதான் +−. நாலு கல்லில் நாற்பது கிலோ வரைக்கும் எதை வேண்டுமானாலும் நிறுக்கலாம். எனக்கு இதை இப்போது எழுதும்போதுகூடக் கை பரபரக்கிறது.

இந்தக் குறிப்புகளுக்கும் அந்தக் கணக்கிலேயே எண் போட்டிருக்கிறேன். + என்றால் ஒன்று, +− என்றால் இரண்டு, +0 என்றால் மூன்று. பிடிக்கவில்லையென்றால் எண்ணைத் தாண்டிப் போய்விடுங்கள், கதை கெடாது.

கேக் மாலை நாலு மணிக்குத்தான். அப்போது கணினித் திரையில் ஓர் அழைப்பு வரும். என் நண்பன் மாடசாமிக்கு வேலை கிடைத்ததா இல்லையா என்று அதில் தெரிந்துவிடும். வேலை போய் ஐந்தாறு மாதமாகத் தென்காசியில் உட்கார்ந்திருக்கிறான். நாலு மணி வரைக்கும் நான் என்ன செய்வது? அதனால்தான் எழுதுகிறேன்.

+−

மூவரும் ஒரே கம்பெனியில் இருந்தோம். செல்போன் சார்ஜருக்குள் வைக்கிற சர்க்யூட் போர்டு செய்கிற இடம். நான் விழுப்புரத்திலிருந்து இன்ஜினியரிங் முடித்துவிட்டு வந்தவன். மாடசாமி டிப்ளமோ, தென்காசி. மூன்றாவது ஆள் தனசேகர் என்கிற தனா, ஐ.டி.ஐ., சேரப்பணஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவன். அவர்கள் வீட்டு மாடியில்தான் நானும் மாடசாமியும் வாடகைக்கு இருந்தோம். கீழே தனாவின் அக்கா பிள்ளைகள் போடும் கூச்சலில் பகலில் தூங்க முடியாது என்று அவனும் பாயைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டான்.

எங்கள் மூவருக்கும் டெஸ்டிங் மேசைதான் வேலை. போர்டை மீட்டரில் செருகினால் மூன்று விளக்குகளில் ஒன்று எரியும். வோல்டேஜ் குறைந்தால் மைனஸ், சரியாக இருந்தால் ஜீரோ, கூடினால் ப்ளஸ். நாள் முழுக்க இதையே பார்த்துப் பார்த்துக் கனவிலும் மைனஸ், ஜீரோ, ப்ளஸ்தான். அப்படி இருக்கும்போது ஒருநாள் படப்பை நெட் சென்டரிலிருந்து மாடசாமி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"ஏலே, நம்ம டெஸ்டிங் டேபிள் மாதிரியே ஒரு கம்ப்யூட்டர் இருந்திருக்குலே! மைனஸ், ஜீரோ, ப்ளஸ். ரஷ்யாக்காரன் அம்பது வருசத்துக்கு முன்னாலயே செஞ்சிருக்காம்லே!"

"அப்பால இன்னாச்சு?" என்றான் தனா.

"கைவிட்டுட்டாவ."

"நல்லாத்தானே கீது, அத்த ஏன் வுட்டானுங்க?" தனாவுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "வுடு, நம்ப செய்வோம்."

செய்வது என்றால் இரும்பும் கம்பியும் வைத்து அல்ல. அந்தக் கணினிபோலவே நடந்துகொள்கிற ஒரு மென்பொருள், அதற்குப் பெயர்தான் எமுலேட்டர். சென்னை ரிச்சி தெருவில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினோம். தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் அந்தப் பெரிய மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். ரஷ்ய மொழிக் கையேட்டின் பிரதி இணையத்தில் கிடைத்தது. அதை இணையமே மொழிபெயர்த்த தமாஷைத் தனிக் கட்டுரையாக எழுதலாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனியில் மூன்று ஷிப்ட். ஏ ஷிப்ட் காலை ஆறிலிருந்து இரண்டு, பி ஷிப்ட் இரண்டிலிருந்து இரவு பத்து, சி ஷிப்ட் பத்திலிருந்து விடியற்காலை ஆறு. நாங்கள் மூவரும் மூன்று வேறு பேட்ச். ஒருவன் ஏ-யில் இருந்தால் இன்னொருவன் பி-யில், மற்றவன் சி-யில். வாரா வாரம் மாறும், ஏ-யில் இருந்தவன் பி-க்குப் போவான், பி சி-க்கு, சி மறுபடி ஏ-க்கு. வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவன் குளித்துச் சாப்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவான். அதுவரை உட்கார்ந்திருந்தவன் எழுந்து பாயில் படுப்பான். தூங்கி எழுந்தவன் பஸ் ஏறிப் போவான். எந்த நேரம் பார்த்தாலும் ஒருவன் வேலையில், ஒருவன் தூக்கத்தில், ஒருவன் கம்ப்யூட்டரில். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. என்கிற கூடுதல் வேலை இல்லையென்றால் நானும் மாடசாமியும் ஊருக்குக் கிளம்பிவிடுவோம், தனா கழனிக்குப் போய்விடுவான். ஆக, அந்த அறைக்குள் நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் விழித்திருந்ததே கிடையாது.

அதனால் அங்கே யாரும் சத்தமாகப் பேசியதும் கிடையாது. கீபோர்டுக்கு அடியில் துண்டை மடித்துப் போட்டிருப்போம். மானிட்டர் வெளிச்சம் தூங்குகிறவன் முகத்தில் அடிக்காமலிருக்க லுங்கியைத் திரையாகக் கட்டியிருப்போம். ஷிப்ட் ஒப்படைப்பது மாதிரி, எழுந்துபோகிறவன் வந்து உட்காருகிறவன் காதில் ரகசியமாகச் சொல்வான்: "கூட்டல் ஓடுது. கழித்தல்ல ஒரு இடத்துல நின்னுடுது. பாத்துக்கோ."

முதல் கூட்டல் சரியாக வந்த அன்று நான்தான் திரையின் முன் இருந்தேன். மாடசாமி தூங்கிக்கொண்டிருந்தான். கத்தவேண்டும்போல் இருந்தது, வாயைப் பொத்திக்கொண்டு மொட்டைமாடியில் போய்க் குதித்தேன். கீழிருந்து தனாவின் அக்கா, "மேல இன்னா இடியிது?" என்று குரல் கொடுத்தார்.

+0

இங்கே வந்து நாலு வருடம் ஆகிறது. மேல்படிப்புக்கு வந்தேன், பிறகு வேலை, டிராம், குப்பையை நாலு தொட்டிகளாகப் பிரிப்பது, குளிருக்கு மூன்று அடுக்கு உடை. ஊரிலிருந்து கேட்பவர்களிடம் செட்டிலாகிவிட்டேன் என்று சொல்கிறேன்.

வந்த புதிதில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்கு 'ஹால்ப் ட்ரை' மணிக்கு நேரம் கொடுத்தார்கள். அரை, மூன்று என்று பொருள். மூன்றரை என்று எடுத்துக்கொண்டு மூன்றே காலுக்கே போய் நின்றேன். அது இரண்டரையாம். மூன்றுக்கு அரைமணி குறைவு என்பதைத்தான் இவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். நேரம் தவறியதால் அடுத்த தேதிக்கு ஒன்றரை மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். எனக்குக் கோபம் வரவேண்டிய இடம். ஆனால் நான் படியிறங்கும்போது சிரித்துக்கொண்டே இறங்கினேன். ஒரு தேசமே தினமும் எங்கள் கணினியின் கணக்கில் மணி பார்க்கிறது, இது மாடசாமிக்குத் தெரிந்தால் என்ன ஆட்டம் போடுவான்!

அதே அலுவலகத்தில் சென்ற வருடம் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி என் வாழ்க்கையை வாரம் வாரமாக விரலால் தடவிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார். கம்பெனி வேலையை விட்டதற்கும் விமானம் ஏறியதற்கும் நடுவே சில வாரங்கள் காணவில்லையாம். இந்த நாட்டில் அப்படி ஓர் ஓட்டை இருக்கக் கூடாது.

"இந்த வாரங்களில் எங்கே இருந்தீர்கள்?"

"விழுப்புரத்தில், அம்மா வீட்டில்."

"என்ன செய்தீர்கள்?"

"சாப்பிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டார். அன்றைக்கு இது என்ன அல்பத்தனம் என்று தோன்றியது. பிறகு ஒருநாள் அந்தப் பெண்மணிக்கு மனசுக்குள் கோயில் கட்டினேன், அதைச் சொல்லத்தான் போகிறேன்.

இனியா விஷயமும் ஒன்று இருக்கிறது. மாடசாமியோடும் தனாவோடும் போனில் பேசும்போது என் குரல் தானாக இறங்கிவிடும். அவர்களும் அப்படித்தான். பழக்கம். ஒருநாள் அவள் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஏன் குசுகுசுவென்று பேசுகிறாய் என்று ஜெர்மனில் கேட்டாள். "ஒரு மாமா தூங்குறாங்க" என்று தமிழில் சொல்லிவைத்தேன். அதிலிருந்து நான் அந்த இருவரோடு பேசும் நேரமெல்லாம் அவளும் பூனைபோல் நடப்பாள். மற்ற வேளையில் தமிழே பேசாதவள், அப்போது மட்டும் என் காதருகே வந்து, "தூங்குறாங்களா?" என்று தமிழில் கேட்பாள். தமிழ் என்பதே யாரோ தூங்கும்போது மெதுவாகப் பேசுகிற மொழி என்று நினைத்துவிட்டாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ரேவதி, "அந்த மொழியாவது பேசுறாளே, விடுங்க" என்றாள்.

++

எமுலேட்டர் என்னவோ நன்றாக வளர்ந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், திருத்தட்டும், காசு வேண்டாம் என்று திறமூலமாக இணையத்தில் போட்டிருந்தோம். பிரேசிலில் ஒரு கல்லூரி மாணவி அதில் ஓடுகிற விளையாட்டு ஒன்றை எழுதி அனுப்பினாள். அன்றைக்கு அவரவர் முறை வந்தபோது மூவருக்கும் பாயில் தூக்கம் வரவில்லை. இணையத்தில் போட்டது யார் பெயரில் என்று கேட்டால், 'மாடிரூம்' என்ற பெயரில். மூவருக்கும் பொதுவாக ஒரே கணக்கு. யார் பெயரை முதலில் போடுவது என்ற வம்பே வேண்டாம் என்று தனா சொன்ன யோசனை அது.

சென்ற வருடக் கடைசியில் கம்பெனியை மூடிவிட்டார்கள். நான் எப்போதோ வந்துவிட்டேன், தனா லாரி செய்யும் கம்பெனிக்கு மாறியிருந்தான். மாடசாமி மட்டும் கடைசிநாள் வரைக்கும் இருந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு தென்காசி போனான். மாமாவின் காய்கறிக் கடையில் உட்கார்ந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். போன் பண்ணினால், "நல்லா இருக்கேம்லே" என்பதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

இரண்டு மாதம் முன்பு தனா கூப்பிட்டான். வழக்கம்போல மெல்லிய குரல்.

"பாஸ்கரு, மேட்டர் தெரியுமா? மாடனுக்கு பெங்களூர்ல ஒரு கம்பெனில இண்டர்வியூ. சிப்பு டெஸ்டிங். ஃபஸ்ட் ரவுண்டு சூப்பரா பண்ணிகிறான். நம்ப எமுலேட்டரு பெருக்கல நான்தான் எழுதுனேன்னு சொல்லிகிறான்."

"சரியாத்தானே சொல்லியிருக்கான்?"

"அவனுங்க நெட்ல போய்ப் பாத்துகிறானுங்க. அவன் பேரே இல்ல. பெருக்கல் மேல இன்னா போட்டுக்குது தெரியுமா? சி ஷிப்ட். யாருப்பா இந்த சி ஷிப்டுன்னு கேட்டு சிரிச்சிட்டானுங்களாம். ரெண்டு வாரம் டைம் குட்துகிறானுங்க. அவனா நம்ப கைல சொல்லவே இல்ல, நான் நோண்டி நோண்டி கேட்டேன். ரோசம் புட்சவன்."

எனக்குச் சட்டென்று முகம் சுட்டது. வெளியே இருக்கும் யாருக்கும் இது புரியாது. கம்பெனியில் எதிலும் ஆள் பெயர் எழுதும் வழக்கமில்லை. போர்டு பழுதென்றால் ஒட்டுகிற சீட்டிலும் ஷிப்ட், மெஷின் சாவி வாங்கினாலும் ஷிப்ட், குறை சொன்னாலும், "பி ஷிப்ட் பசங்க பண்ணது" என்றுதான். அந்தக் கைப்பழக்கத்தில் நாங்களும் எமுலேட்டரின் ஒவ்வொரு பகுதிக்கு மேலும் தேதியைப் போட்டு, ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று எழுதிவிட்டோம். எழுதிய அன்று அது யாரென்று மூவருக்கும் தெரியும். வாரம் மாறினால் அதே எழுத்து வேறு ஆளைக் குறிக்கும் என்பது மூன்று மடையர்களில் ஒருவனுக்கும் உறைக்கவில்லை.

சார்ஜர் போர்டைச் செருகிச் செருகி எடுத்த கையால் அவன் சாதித்த பெரிய விஷயம் அந்தப் பெருக்கல். கையேட்டில் அந்தப் பக்கமே மங்கி இருந்தது, தானே யோசித்து எழுதியாகவேண்டும். அது அவனுடையது என்று நிரூபிக்க முடியவில்லையென்றால், காய்கறிக் கடைதான்.

+−−

அடுத்த ஞாயிறு காலையில் நானும் தனாவும் உட்கார்ந்துவிட்டோம், நான் இங்கே, அவன் அங்கே. கணக்கு எளிது. ஏதாவது ஒரே ஒரு வாரத்தில் யார் எந்த ஷிப்டில் இருந்தோம் என்று உறுதியாகத் தெரிந்தால் போதும். அங்கிருந்து வாரம் வாரமாக நகர்த்திக்கொண்டே வந்தால் மற்றதெல்லாம் விழுந்துவிடும்.

"ஆடிக் கிருத்திகை!" என்றான் தனா.

அந்த வருடம் ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனுக்குக் காவடி எடுப்பதாக அவன் வேண்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்த வாரம் பி ஷிப்ட். சூப்பர்வைசர் லீவு கொடுக்கவில்லை. அவனுக்குப் பதிலாக அந்த பி ஷிப்ட் வேலைக்கு நான் போனேன், எனக்கு அன்றைக்கு சி ஷிப்ட். ஆகவே பி-யை முடித்துவிட்டு வெளியே வராமல் அப்படியே சி-க்குள் நுழைந்தேன். மறக்கிற நாளா அது? காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வல்லக்கோட்டைக்குப் போன கூட்டம் இன்னும் திரும்பிக்கொண்டிருந்தது. தனா மொட்டைத்தலையோடு வந்து என் வாயில் பஞ்சாமிர்தத்தை ஊட்டிவிட்டான்.

அப்படியென்றால் அந்த வாரம் தனா பி, நான் சி, மாடசாமி ஏ. அங்கிருந்து நகர்த்தினோம். ஒவ்வொரு வாரத்தையும் தனா சொல்லச் சொல்ல நான் குறித்தேன். மேலே போட்டிருந்த தேதிப்படி பெருக்கல் எழுதியது தீபாவளி முடிந்து மழை பிடித்திருந்த வாரம். அந்த வாரத்துக்கு வந்து சேர்ந்தோம்.

சி ஷிப்டில் இருந்தது நான்.

மறுபடி எண்ணினோம். மறுபடியும் நான்தான். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஒரு நொடி உள்ளுக்குள் குளிர்ந்தது. அந்த அழகான பெருக்கல் என்னுடையதா! ஆனால் எழுதியதாக எனக்கு ஒரு வரிகூட நினைவில்லையே. சாயங்காலம் மாடசாமிக்கு நேராகப் போன் போட்டேன்.

"பெருக்கல் நான் எழுதினதுலே" என்றான், எடுத்த எடுப்பில். தனா சொல்லிவிட்டிருக்கிறான்.

"தேதி அப்படிச் சொல்லலையே, மாடா."

"தேதிக்கு என்னலே தெரியும்? எங்க மாமா கடைத் தராசுல கல்லை அந்தத் தட்டுக்கும் இந்தத் தட்டுக்கும் மாத்தி மாத்தி வச்சுல்லா கண்டுபிடிச்சேன்? மாமா ஏசுனாவ, யாவாரத்தைக் கெடுக்காதலேன்னு. வந்து உக்காந்து எழுதினேன். இப்ப அதுவும் எனக்கு இல்லைன்னா விடு. நான் கடையிலயே இருந்துக்கிடுதேன்."

குரல் உடைந்ததுபோல் இருந்தது. "கடைக்கு எப்ப போன? தீபாவளிக்குத்தான் நீ ஊருக்கே போகலையே, ஓ.டி. பாத்த" என்றேன்.

"தீபாவளிக்கு யாருலே போனா? அதுக்கு முன்னாடி. ஆயுத பூசைக்கு அடுத்தாப்ல, லைன் மாத்தணும்னு ஒரு வாரம் கம்பெனியை மூடுனாவல்லா, அப்ப."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். வெளிநாட்டவர் அலுவலகப் பெண்மணியின் விரல் கண்ணெதிரே வந்து ஓர் இடத்தில் நின்றது. இந்த வாரம் எங்கே இருந்தீர்கள்?

ஆயுத பூஜைக்கு எங்கள் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்துப் பொரி படைத்தோம், அது நினைவிருக்கிறது. அடுத்த வாரம் கம்பெனி மூடியிருந்தது. மூடியிருந்த வாரத்தில் ஷிப்ட் மாறாது! திறந்தபோது எல்லாரும் விட்ட இடத்திலிருந்துதான் தொடர்ந்தோம். நாங்கள் அந்த வாரத்தையும் ஒரு வாரமாகச் சேர்த்து எண்ணிவிட்டோம். அதை எடுத்தால் அதற்குப் பிறகு எல்லாரும் ஒரு படி பின்னால் வரவேண்டும். மழை வாரத்தில் நான் பி, தனா ஏ, சி ஷிப்டில்...

"மாடா, நீதான்டா! சி ஷிப்ட் நீதான்!" என்றேன். அதையும் ரகசியக் குரலில்தான் சொன்னேன், பழக்கதோஷம்.

"அதைத்தாம்லே நானும் சொல்லுதேன்" என்றான்.

+−0

எமுலேட்டரின் ஒவ்வொரு பகுதிக்கு மேலும் இப்போது ஷிப்டுக்குப் பக்கத்தில் ஆள் பெயர் இருக்கிறது. கூட்டல் என்னுடையது, கழித்தல் தனாவுடையது, பெருக்கல் சு. மாடசாமி, தென்காசி. ஷிப்ட் பெயரை அழிக்கவில்லை. அழித்தால் எங்களுக்கே அடையாளம் தெரியாது. ஆடிக் கிருத்திகையில் தொடங்கி வாரம் வாரமாக, மூடிய வாரத்தை மூடியது என்றே குறித்து, ஓட்டையில்லாமல் எழுதி நானும் தனாவும் கையெழுத்துப் போட்டு பெங்களூருக்கு அனுப்பினோம். இந்த நாடு எனக்குச் சொல்லிக்கொடுத்த கலை அது.

அதைப் பார்த்தபிறகு அவர்கள் மாடசாமியை நேரில் அழைத்திருக்கிறார்கள். பெருக்கலைத் திரையில் போட்டு, இதை வேறுவிதமாக மாற்று பார்ப்போம் என்று கேட்டார்களாம். எப்படிச் செய்தான் என்று கேட்டால் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் வாருங்கள், தனித்தனியாகச் சொல்லமாட்டேன் என்றுவிட்டான். முதல் கூட்டலின் நாள் என்பது அவனுக்கும் நினைவிருக்கிறது, பாவி.

இதுவரை எழுதியது நாலு மணிக்கு முன்னால். இனி எழுதுவது பிறகு.

நாலு மணிக்குத் திரையில் இரண்டு சதுரங்கள் வந்தன. ஒன்றில் தனா, அதே மாடி அறையில். சுவரில் லுங்கி கட்டிய ஆணி இன்னும் இருக்கிறது. இன்னொன்றில் மாடசாமி, பின்னால் மாமா கடையின் வெங்காய மூட்டைகள். இனியா பூனைபோல் வந்து என் மடியில் ஏறிக்கொண்டாள். ரேவதி கேக்கோடு கதவருகே நின்றாள்.

"சொல்லுடா" என்றேன் மெதுவாக.

"கெடச்சிட்டுலே" என்றான் மாடசாமி, அதைவிட மெதுவாக.

"இன்னா?" தனா வாயசைத்தான்.

"வேலை. கெடச்சிட்டு. அடுத்த மாசம் வரச் சொல்லுதாவ."

"சூப்பர்டா" என்று நான் ரகசியமாகச் சொன்னேன். "சூப்பரு மச்சி" என்று தனா ரகசியமாகச் சொன்னான். மூவருக்கும் கண் கலங்கியிருந்தது, மூவரும் தலையை ஆட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி சிரித்தோம்.

இனியா திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள். ஒவ்வொரு சதுரமாகப் பார்த்தாள். பிறகு, தமிழில், அவளுடைய மெல்லிய குரலில் கேட்டாள்:

"யாரு தூங்குறாங்க?"

நான் தனாவைப் பார்த்தேன். தனா மாடசாமியைப் பார்த்தான். மாடசாமி தன் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். மூன்று பேரும் முழித்திருந்தோம்.

"ஏலே" என்றான் மாடசாமி. அவன் குரல் ஏறியது. "எவனும் தூங்கலையேலே!"

"எவனும் தூங்கலடா!" என்று தனா கத்தினான். அவன் கத்தி நான் கேட்டதே இல்லை, என்ன குரல் அவனுக்கு! ஆறு வருடம் முன்பு வாயைப் பொத்திக்கொண்டு மொட்டைமாடியில் விழுங்கிய கத்தலை நான் இன்றைக்குக் கத்தினேன். கடையில் மாமா, "என்னலே அங்க சத்தம்?" என்று கேட்பது இங்கே கேட்டது. சேரப்பணஞ்சேரியில் கீழ்வீட்டிலிருந்து தனாவின் அக்கா குரல் வந்தது. இனியா மடியிலிருந்து குதித்து, "தூங்கல! தூங்கல!" என்று வீடு முழுக்க ஓடினாள், வீடே அதிர்கிற தமிழில்.

ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் சத்தம் போடக் கூடாது. கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடித்தார், எங்கள் தரை அதிர்ந்தது. நான் அவளைத் தடுக்கவில்லை.